302இலிருந்து 147 போனால்: தேர்வு வைத்தால் படித்துவிடுவார்களா?

வாசகர் கேள்வி, 12 ஜூலை 2025

எங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். "கொக்கு பறந்தது" என்பதைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். 2019இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எல்லோரும் எதிர்த்ததால் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அந்தத் தேர்வு நடந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. தேர்வு இருந்தால் ஆசிரியர் நடத்துவார், பிள்ளை படிப்பான். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

12 ஜூலை, இரவு 9.40

இல்லை என்கிறேன். காரணம் சொல்ல ஒரு கழித்தல் கணக்கு போதும்: 302 − 147.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இந்தக் கணக்கைக் கொடுத்துவிடுவேன். விடை 155. போன வருடம் 24 பேரில் 9 பேர் சரியாகப் போட்டார்கள், 15 பேர் தப்பு. தேர்வு சொல்லும் செய்தி இவ்வளவுதான். இதைப் பதிவேட்டில் எழுதலாம், செயலியில் ஏற்றலாம், மாவட்டவாரியாகப் பட்டியல் போடலாம். திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அந்த 15 என்ற எண்ணில் இல்லை.

நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. ஏழு பேரின் விடை 245. எந்த இடமாக இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தை எடுத்திருக்கிறார்கள்: 3இல் 1 போக 2, 4இல் 0 போக 4, 7இல் 2 போக 5. நான்கு பேரின் விடை 145. இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் பூஜ்யம் இருப்பதால் அதைத் தாண்டிப்போய் நூறிடம் வாங்கி நேராக ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள், நடுவில் மற்றவர்களைப் போலவே 4இல் 0 போக 4. மீதி நான்கு பேர் ஆளுக்கொரு விதம்.

245 போட்ட பிள்ளைக்கும் 145 போட்ட பிள்ளைக்கும் ஒரே பாடம் நடத்தினால் இரண்டு பேருக்கும் பயனில்லை. விடைத்தாளில் இரண்டு பேருக்கும் பூஜ்யம்தான்.

12 ஜூலை, இரவு 11.15

இன்னொன்று. அந்தப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்றால் எழுத்து தெரிகிறது என்று அர்த்தம். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எந்த எழுத்தில் நிற்கிறான் என்று கொஞ்சம் கவனித்து எழுதுங்கள்.

13 ஜூலை

"அப்படியானால் தேர்வே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கீழே மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும். 302 − 147 என்று நான் கொடுத்ததும் ஒரு தேர்வுதான். அதைத் திருத்தியது நான், மறுநாள் பாடத்தை மாற்றியதும் நான். யாருக்கும் மதிப்பெண் போகவில்லை. இங்கே சண்டை, பள்ளிக்கூடத்தைச் சரிசெய்வதற்கு நாம் வைத்திருக்கும் பணமும் நேரமும் கவனமும் எங்கே போகிறது என்பது பற்றி. பெரும்பகுதி அளப்பதற்குப் போகிறது. அளந்தபின் நடத்த வேண்டிய ஆசிரியர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள என்ன ஏற்பாடு என்று கேட்டால் வருடத்துக்குச் சில நாள் பயிற்சி, அதுவும் படம் ஓட்டிக் காட்டுவது.

14 ஜூலை

திருத்தம். 24 பேர் என்று எழுதியிருந்தேன். பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன், 26 பேர். இரண்டு பேர் அந்த வாரம் வரவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள், பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு ஜூலையில்தான் வந்தார்கள். எல்லோரையும்விட அதிக உதவி அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. அளந்த நாளில் அவர்கள் பள்ளியிலேயே இல்லை.

19 ஜூலை

சனிக்கிழமை, கொஞ்சம் நேரம் கிடைத்தது. அளவெடுப்பு எத்தனை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

2017இலும் 2021இலும் தேசிய அடைவுத் தேர்வு. 2024 டிசம்பரில் பரக் என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு அதே வேலை. இந்த வருடம் மாநிலத்தின் சொந்தத் தேர்வான ஸ்லாஸ், 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு. இவை போக 2005 முதல் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அசர் என்ற பெயரில் கிராமம் கிராமமாக வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறது. நாடு முழுவதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பத்தி படிக்க வரவில்லை என்பதுதான் அவர்கள் இருபது வருடமாகச் சொல்லும் செய்தி. அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்து இருபது வருடம் ஆகிறது.

அளந்து சொன்னால் ஆசிரியர் தானாக மாற்றிக்கொள்வார் என்ற நம்பிக்கையை ஆந்திராவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வருட ஆரம்பத்தில் தேர்வு வைத்து, எந்தப் பிள்ளை எதில் பின்தங்குகிறது என்று விரிவான அறிக்கை எழுதி ஆசிரியர் கையிலேயே கொடுத்தார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்பும் கூடவே இருந்தது. பார்வையாளர் வகுப்புக்கு வந்தபோது அந்த ஆசிரியர்கள் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார்கள். வருடக் கடைசியில் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "கழித்தலில் பின்தங்கியுள்ளார்" என்று அறிக்கை வந்தால் நானும் கழித்தலை இன்னொரு முறை நடத்துவேன். முதல் முறை எப்படி நடத்தினேனோ அப்படியேதான். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே.

19 ஜூலை, சற்று நேரம் கழித்து

அந்த ஆய்வில் எனக்கு எதிரான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் உயர்ந்தால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை என்று சொல்லப்பட்ட பள்ளிகளுக்கும் இதே அறிக்கை போனது. அங்கே அறிக்கை பயனுள்ளதாக இருந்தது என்று சொன்ன ஆசிரியர்களின் பிள்ளைகள் மேலே வந்திருந்தார்கள். ஆகவே அறிக்கை முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. தேவை இருப்பவருக்கு அது உதவும். அந்தத் தேவையைப் பணத்தால்தான் உண்டாக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

27 ஜூலை

"செயல்வழிக் கற்றல் கொண்டுவந்தபோது கற்பித்தலைத்தானே மாற்றினார்கள், அது ஏன் நிற்கவில்லை?" என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். ஐயா, இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் நான் ஆசிரியர் பயிற்றுநர்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளியில் உருவான முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். அப்போது எம்.பி. விஜயகுமார் ஆணையர். பிறகு அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தார். 2007-08இல் மாநிலம் முழுக்க 1 முதல் 4 வகுப்பு வரை. பாடம் முழுவதும் அட்டைகளாகப் பிரிந்தது. எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படத்தில் பிள்ளை தன் வேகத்தில் ஏறும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எழுதக் கரும்பலகை, தலைக்கு மேல் அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். வருகையைப் பிள்ளையே பதிவு செய்யும்.

நல்ல வகுப்பில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு சின்னப் பள்ளி, இரண்டே டீச்சர், நாற்பது பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் அட்டையை முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த முதல் வகுப்புப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுத்தது. "ஏம்மா, நீயே சொல்லிக்கொடுக்கிறியா?" என்றேன். "டீச்சருக்கு வேலை இருக்கு, நீங்க உக்காருங்க, உங்களுக்கும் சொல்றேன்" என்றது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சரி, ஏன் நிற்கவில்லை? எங்களைப் பள்ளிக்கு அனுப்பும்போது கையில் ஒரு படிவம் இருக்கும். ஏணிப்படி ஒட்டியிருக்கிறதா, அட்டைகள் எண்ணிக்கை சரியா, பாய் இருக்கிறதா, அடைவு அட்டவணை குறித்திருக்கிறதா. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று பள்ளி. நான் அட்டையை எண்ணினேன். "கணக்கு அட்டை 12 குறைகிறது" என்று பார்வையிடல் பதிவேட்டில் எழுதினேன். ஒரு பிள்ளை அட்டையை எடுத்து, அதை வைத்து என்ன யோசிக்கிறது என்று ஒரு முழுப் பாடவேளை உட்கார்ந்து பார்த்தது ஆறு வருடத்தில் சில தடவைதான் இருக்கும். ஆசிரியரிடம் "இந்த அட்டை ஏன் இதற்கு அடுத்து வருகிறது தெரியுமா?" என்று நான் கேட்டதே இல்லை. எனக்கே அது தெரியாது. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

அப்போது கற்பித்தல் மாறியது உண்மை. ஆசிரியர் கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு மட்டும் பழையபடியே இருந்தது. மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டக் கருத்தாளர், அவரிடமிருந்து வட்டாரக் கருத்தாளர், அங்கிருந்து ஆசிரியர். மேலே மூன்று நாள் பேசிய விஷயம் கீழே வரும்போது ஒரு மணி நேரம். "ஏன்" என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்து, "எப்படி ஒட்ட வேண்டும்" என்பது மட்டும் வந்து சேர்ந்தது.

28 ஜூலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அட்டை எண்ணியவர்கள் எல்லோரையும் குறை சொன்னது போல ஆகிவிட்டது. அட்டை காணாமல் போனால் முறையே நின்றுவிடும், அதையும் யாராவது பார்க்கத்தான் வேண்டும். நான் வருத்தப்படுவது அதை மட்டுமே பார்த்ததற்கு.

3 ஆகஸ்ட்

இதே கதை 2012-13இல் இன்னும் தெளிவாக நடந்தது. முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20.

வளரறி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவரைப் பாராட்ட வேண்டும். பிள்ளை வளரும்போதே அறிந்துகொள்வது. 302 − 147இல் நான் செய்தது அதுதான். ஆனால் அதற்கு மதிப்பெண் என்று ஒன்றை வைத்த உடனே அது இன்னொரு தேர்வாகிவிட்டது. பிள்ளைகள் செயல்பாடு என்ற பெயரில் சார்ட் வாங்கிப் படம் ஒட்டிவந்தார்கள். ஸ்டேஷனரி கடையில் "வளரறிக்கு என்ன படம்?" என்று கேட்டு விற்றார்கள். நாங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் 17, 18, 16 என்று பதிவேடு நிரப்பினோம். பருவ முடிவில் ஒரு வாரம் அதற்கே போகும்.

ஹரியானாவில் இதே 2012-13இல் 500 பள்ளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. எஸ்தர் டுஃப்லோவும் கூட்டாளிகளும் செய்தது. சில பள்ளிகளில் இந்தத் தொடர் மதிப்பீடு. சிலவற்றில் தினமும் ஒரு மணி நேரம் வகுப்பைக் கலைத்து, வயதைப் பார்க்காமல், எந்த அளவுக்குப் படிக்க வருகிறதோ அந்த அளவுக்குப் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்துப் பாடம். தொடர் மதிப்பீட்டால் பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தால் இந்தி வாசிப்பு முன்னேறியது. கணக்கு முன்னேறவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. நடத்தியது அதே அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது, உதவிக்கு வந்துபோக ஆள் இருந்தார்.

நம்முடைய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்த யோசனைதான். 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கியது. எனக்கு அந்தப் பிரிப்பு பிடிக்கும். தொடக்கப் பள்ளித் தோழிகள் திட்டுவது பாடத்தை அல்ல, செயலியை. சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஒவ்வொரு பிள்ளையாக உட்கார்ந்து மதிப்பீட்டைப் போட்டு ஏற்றுவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்கிறார்கள்.

5 ஆகஸ்ட்

மதிப்பெண் போட்டால் ஏன் கெட்டுப்போகிறது என்று கேட்டவருக்கு: 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது. சிலருக்கு வெறும் மதிப்பெண், சிலருக்கு வெறும் குறிப்பு, சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்திருப்பார்கள், பக்கத்துப் பையன் எண்ணைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அதைப் படித்ததிலிருந்து என் வகுப்பு நோட்டில் மதிப்பெண் போடுவதை நிறுத்தினேன். தப்பான வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன். "இங்கே பத்துக் கட்டு எத்தனை இருக்கிறது?" இரண்டு அம்மாக்கள் பள்ளிக்கே வந்து, மார்க் போடாத டீச்சரை முதல் தடவை பார்க்கிறோம் என்றார்கள். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். ஒருவர் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

9 ஆகஸ்ட்

நேற்று மாநிலக் கல்விக் கொள்கை வந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இந்த வருடத்திலிருந்து கிடையாது. "உங்கள் கட்சி ஜெயித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

எனக்கு முழு சந்தோஷம் வரவில்லை. அந்தத் தேர்வு 2017-18இல் ஏன் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே எடுக்காமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் முதல் வருடம் தடுமாறினார்கள். தேர்வு வைத்ததால் புத்தகம் திறக்கப்பட்டது. நடத்தாத பாடத்தை நடத்த வைக்கத் தேர்வால் முடியும் என்பதற்கு இது சாட்சி. கேள்வி கேட்டவர் பக்கம் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, 12 ஜூலையன்று நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நடத்தும் பாடத்தை நன்றாக நடத்த வைக்கத் தேர்வால் முடியுமா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் நான் நிற்கிறேன். என்னையே ஒரு பொதுத்தேர்வு மிரட்டியிருந்தால், 302 − 147ஐ நூறு தடவை எழுத வைத்திருப்பேன். 302 மாறி 504 வந்தால் பிள்ளை மறுபடி நின்றிருக்கும்.

17 ஆகஸ்ட்

"பிறகு ஆசிரியர் எப்படித்தான் கற்றுக்கொள்வது? அதைச் சொல்லாமல் சுற்றுகிறீர்கள்." நியாயம். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். நீளம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு பழக்கம் இருக்கிறது. ஜுகியோ கென்கியூ என்பார்கள், பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள், திருத்துவார்கள், இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்துவார். கரும்பலகையில் எதை எங்கே எழுதுவது, பாடம் முடியும்போது பலகையைப் பார்த்தாலே அன்று நடந்தது முழுவதும் தெரிகிற மாதிரி எப்படி வைப்பது என்பதற்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், பன்ஷோ. 1990களில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களைப் படம் எடுத்து ஒப்பிட்டபோதுதான் வெளியுலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையத்தில் நாங்கள் மூன்று பேர் இதைச் செய்து பார்க்க நினைத்தோம். நான், எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர், பக்கத்து நடுநிலைப் பள்ளிக் கணக்கு சார்.

முதல் தடவை பாழாய்ப் போனது. அறிவியல் டீச்சர் நடத்த, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். முடிந்ததும் "போர்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது, பின்னால் இருக்கும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவில்லை" என்று வரிசையாகச் சொன்னேன். ஆறு வருடம் படிவம் நிரப்பிய பழக்கம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு மாதம் எங்களைக் கூப்பிடவே இல்லை.

பிறகு ஒரு விதி போட்டோம். ஆசிரியரைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. வருபவர் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் எழுதியதையும் அழித்ததையும் முணுமுணுத்ததையும் மட்டும் எழுதிக்கொண்டு வர வேண்டும். எல்லாமே மாறிப்போனது.

நூறிலிருந்து கடன் வாங்கும் பாடத்தை இப்படித்தான் மூன்று தடவை மாற்றினோம். ஈர்க்குச்சி, ரப்பர் பேண்ட். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெரிய கட்டு. முதல் தடவை நானே பெரிய கட்டைப் பிரித்துக் காட்டினேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். பக்கத்தில் இருந்த சார் தன் குறிப்பை வாசித்தார்: "பெண் பிள்ளை, மூன்றாவது வரிசை. குச்சியைப் பார்க்கவில்லை. நோட்டில் 3ஐ அடித்து 2 போட்டு, 0க்கு மேலே எதுவும் எழுதாமல், 2ஐ 12 ஆக்கிவிட்டு டீச்சரைப் பார்க்கிறாள்." நான் நடத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தலையாட்டியதுதான் எனக்குத் தெரிந்தது. குச்சிக்கும் நோட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவளுக்குப் படவில்லை.

இரண்டாம் தடவை ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று பெரிய கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கொடுத்து, "எனக்கு 147 குச்சி வேண்டும்" என்று மட்டும் சொன்னோம். தனிக் குச்சி ஏழு கேட்டால் இரண்டுதான் இருக்கிறது. பெரிய கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது பத்துக் கட்டுகள், தனிக் குச்சி இல்லை. அதில் ஒன்றையும் பிரித்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு பையன் கத்தினான்: "சார், ரெண்டு தடவ பிரிக்கணும்!" அதைத்தான் நாற்பது நிமிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை, ஒவ்வொரு முறை பிரித்ததும் அதை நோட்டில் எப்படிக் காட்டுவது என்று அவர்களையே கேட்டோம். 3க்கு மேல் 2, 0க்கு மேல் 10, அது பிறகு 9.

ஒரே ஒரு பாடத்துக்கு மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரு மாதம் செலவழித்தோம். "இப்படி ஒரு பாடத்துக்கு ஒரு மாதம் என்றால் புத்தகம் எப்போது முடியும்?" என்று கேட்பீர்கள். எல்லாப் பாடத்துக்கும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பருவத்துக்கு ஒன்று. அந்த ஒன்றில் கற்றுக்கொண்டது மற்ற வகுப்புகளுக்கும் கூடவே வருகிறது. நான் இப்போது எந்தப் பாடத்திலும் பிள்ளை தலையாட்டுவதை நம்புவதில்லை.

18 ஆகஸ்ட்

நேரம் எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு: தலைமையாசிரியர் மனது வைத்தார். நான் பக்கத்துப் பள்ளிக்குப் போகும் பாடவேளையில் என் வகுப்பை உடற்கல்வி ஆசிரியர் மைதானத்துக்கு அழைத்துப் போவார். பேசுவது மாலையில், டீயும் வடையும் அவரவர் செலவு. இது ஒரு தலைமையாசிரியரின் நல்ல மனதை நம்பி நிற்பதுதான் இதன் பலவீனம். அவர் மாறுதலில் போனால் போச்சு. மாதத்தில் இரண்டு பாடவேளை ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதற்கு என்று கால அட்டவணையிலேயே இருந்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

6 செப்டம்பர்

செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் வர மனது வரவில்லை. எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்களில் ஐந்து வருடத்துக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ளவர்கள் இரண்டு வருடத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010க்கு முன் பணியில் சேர்ந்த நானும் எழுத வேண்டும்.

தகுதியில்லாதவர் கையில் பிள்ளையை ஒப்படைக்க எந்தப் பெற்றோரும் விரும்ப மாட்டார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பாருங்கள், நேற்று மூன்று பேரும் மாலை உட்கார்ந்தோம். பின்னங்கள் பாடம் திட்டமிட வேண்டிய நாள். ஒரு மணி நேரமும் பேசியது எந்தப் பயிற்சி மையம், எந்த வழிகாட்டி, உளவியல் வினா எத்தனை என்பதைத்தான். பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்தோமோ அதையே இப்போது ஆசிரியர் விஷயத்திலும் செய்கிறோம். 2012இல் இங்கே முதல் தகுதித் தேர்வு நடந்தபோது தேர்ச்சி ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் ஆசிரியர்களைத் திட்டினார்கள். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

நான் எழுதுவேன், தேர்ச்சியும் பெறுவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்றாவது வரிசைப் பெண் ஏன் குச்சியைப் பார்க்கவில்லை என்ற கேள்வி மட்டும் அந்த வினாத்தாளில் வராது.

7 செப்டம்பர்

நேற்று கோபத்தில் எழுதினேன். ஒன்றை மாற்றிச் சொல்கிறேன். தகுதித் தேர்வுக்குப் படிக்கும்போது குழந்தை மனவளர்ச்சி பற்றி நன்றாகவே படித்தேன், இருபது வருடம் முன்பு படித்ததைவிட இப்போது புரிகிறது. வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் படிப்பதால் இருக்கும்.

28 செப்டம்பர்

காலாண்டு முடிந்தது. விடுமுறைக்கு முன் கடைசி நாள் இந்த வருட ஆறாம் வகுப்புக்கு 504 − 268 கொடுத்தேன். 22 பேரில் 17 பேர் 236. ஒரு பாடத்தை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது, நான் நிரூபிக்க எழுதவும் இல்லை. மீதி ஐந்து பேரில் மூன்று பேர் நோட்டில் 0க்கு மேல் 10 போட்டுவிட்டு அதை 9 ஆக்க மறந்திருக்கிறார்கள். இது போன வருடம் இல்லாத தப்பு. இது நல்ல தப்பு, முதல் கட்டைப் பிரித்திருக்கிறார்கள்.

2 அக்டோபர்

கேள்வி கேட்டவர் இன்று தனியாக எழுதியிருந்தார், இங்கே சொல்லலாம் என்றார். நான் ஜூலையில் சொன்னபடி அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாரம் படிக்கச் சொல்லியிருக்கிறார். க, கா, கி, கு எல்லாம் தடுமாறாமல் வருகிறதாம். "பறந்தது" வந்துவிட்டதாம். நிற்பது "கொ"வில். கொம்பைப் பார்த்துக் "கெ" என்று ஆரம்பித்து, அடுத்து துணைக்காலைப் பார்த்ததும் திகைக்கிறானாம். "சோறு", "தோட்டம்" எல்லாவற்றிலும் அதே இடம்தான்.

நீங்கள் இப்போது செய்ததுதான் வேலை, சார். பையனின் டீச்சரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், குறை சொல்வதாக இல்லாமல், பார்த்ததாக. அவரும் எத்தனை பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்ப்பார்.

கெ, கே, கொ, கோ நான்கையும் தனித்தனி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வரும் குறிகள் சேர்ந்து ஒரே ஒலி என்பதை அவன் கண் பிடிக்க வேண்டும், அதனால் கொம்பையும் துணைக்காலையும் ஒரே நிறத்தில் எழுதுங்கள், நடுவில் க வேறு நிறத்தில். கொக்கு, கொடி, கொய்யா. பிறகு கோழி, கோலம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். எங்கே நிற்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள், பார்ப்போம்.